வேகத்தடைக் கும்பிடு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் டிரிப் ஷீட்டில் வண்டி நம்பரும் கிலோமீட்டரும்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதாமலே விட்டிருப்பேன். ஆனால் எங்கள் ஊர் டீக்கடையில் இந்த விஷயம் வேறு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் வைத்த கேமராவின் கண்ணை ஏரிக்கரை அம்மன் குத்திவிட்டாள் என்று ஒருவர் சொல்கிறார். நான்தான் அதைக் கழற்றி ஏரியில் எறிந்துவிட்டேன் என்று இன்னொருவர். இரண்டும் இல்லை. கேமரா நன்றாக இருக்கிறது, தினமும் என் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. நடந்ததை வாயால் சொல்லத்தான் எனக்கு வராது. நாலு பேர் கூடி நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

நான் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். விடிவதற்கு முன் மானாம்பதியில் வண்டியை எடுத்தால், உத்திரமேரூர் வந்து, பாலாற்றுப் பாலம் தாண்டி, ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை வரைக்கும் போக வேண்டும். வழியில் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொள்வேன். எல்லாரும் நம் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண்கள். இவர்களுடைய அம்மாக்கள் நாற்று நட்டார்கள். இவர்கள் செல்போனுக்குள் வைக்கிற பச்சைத் தகடுகளைச் செய்கிறார்கள். ஏறும்போது தலையில் ஈரம் சொட்டும். பாலம் தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். தூங்குகிற பெண்களைப் பார்க்கும்போது ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பேன்.

பஸ் கம்பெனியுடையது இல்லை. உத்திரமேரூர் பஜாரில் வழிவழியாகக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பாய் ஒருவருடையது. கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் ஓட்டுகிறார். தங்கமான மனிதர், ஆனால் வாய் நிற்காது. எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

பஸ்ஸில் என் பக்கத்தில், என்ஜினை ஒட்டி ஒரு ஒற்றை சீட் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்று சாலவாக்கத்துப் பெண் ஒன்று தினமும் அதில்தான் உட்காரும். அப்பாவின் வண்டியில் உத்திரமேரூர் வரைக்கும் வந்து ஏறும். தூங்காது, பேசும். என்னை வம்புக்கு இழுப்பதில் அதற்கு ஒரு சந்தோஷம்.

இப்போது என் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கோயிலைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். கிளீனராக இருந்த காலத்திலேயே ஒட்டிக்கொண்டது. இடது கை ஸ்டியரிங்கில் இருக்கும், வலது கை ஒரு கன்னம், மறு கன்னம் என்று தட்டிவிட்டுத் திரும்ப வந்துவிடும். வாய் தானாக முணுமுணுக்கும்: "தாயே, ஏறினவங்கள எறக்கி வுட்டுடு." எனக்குத் தெரிந்த மந்திரம் அவ்வளவுதான். எங்கள் தடத்தில் ஏரிக்கரை அம்மன், எல்லையில் ஐயனார், வேப்பமரத்து மாரியம்மன் என்று ஊருக்கு ஒன்று இருக்கிறது.

போன வருஷம் கேமரா வந்தது. சோப்புப் பெட்டி அளவில் ஒன்றை ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டினார்கள். பார்க்கிற பக்கம் ரோடு இல்லை, நான். கண் மூடினால், கொட்டாவி விட்டால், தலை திரும்பினால், போன் எடுத்தால் கண்டுபிடித்துவிடும் என்றார்கள். பெண் குரலில் சுத்தமான தமிழில் பேசும். எதற்கென்று சொல்லாது, எல்லாவற்றுக்கும் ஒரே பேச்சுதான்: "கவனம் சிதறுகிறது. சாலையைப் பாருங்கள்."

முதல் நாள் அது பேசியதும் பஸ்ஸே சிரித்தது.

"அண்ணே, நீ பேசமாட்டேன்றேன்னு உன் எடத்துல பேசறதுக்கு ஒரு பொம்பளைய வச்சிட்டான் பாரு" என்றது சாலவாக்கத்துப் பெண்.

"அண்ணிக்குத் தெரிமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். காது மட்டும் சூடாகிவிட்டது.

அந்தப் பெட்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. சித்திரை வெயிலில் ஒரு மதியம், காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தபோது எனக்கே தெரியாமல் கண் சொருகியது. அது கத்தியது. தூக்கிவாரிப் போட்டு, ஓரமாக நிறுத்தி, முகத்தைக் கழுவினேன். பிறகு கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நன்றி சொல்லலாமா என்று தோன்றியது. பெட்டியிடம் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

வாரத்துக்கு ஒரு முறை அந்த கேமராவின் ரிப்போர்ட் பாயின் செல்லுக்கு வரும். முதல் ரிப்போர்ட் வந்த அன்று ஷெட்டில் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாப்பா, வண்டி ஓட்டிக்கினே யார்கிட்ட பேசறே?"

"இல்ல பாய்."

"இல்லன்னா? போன்ல பேசறேன்னு செவப்புல போட்டு கீது. டெய்லி ஏழெட்டு தபா. மந்திரி கணக்கா பேசிக்கினே போறியே!"

என் போன் சாப்பாட்டுப் பையில், டிபன் டப்பாவுக்கு அடியில் கிடக்கும். தொழிற்சாலை கேட் தாண்டி வண்டியை நிறுத்தும் வரைக்கும் அதை எடுத்ததே இல்லை. இதைச் சொல்லியிருந்தால் போதும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செய்யாததைச் சொன்னாலும் தலை குனிகிற பழக்கம் எனக்கு. தலை குனிந்தவனைப் பார்த்தால் எவனும் செய்தான் என்றுதான் நினைப்பான்.

அடுத்த வாரமும் அதே சிவப்பு. இந்த முறை பாய் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கம்பெனில சொல்லிட்டாங்கப்பா. போன் விசயத்துல அவங்க கறார். வர்ற திங்கக்கெழம ஆபீசுக்கு உன்னையும் கூட்டிக்கினு வரச் சொல்லிக்கிறாங்க. சரியா பதில் சொல்லலேன்னா உன்ன பஸ்லருந்து எறக்கிடணும். நான் ஷெட்ல எதனா வேல போட்டுத் தர்றேன். ஆனா ஸ்டியரிங் கெடையாது."

வேறு வேலை எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் வேண்டாம். நாலு வார்த்தை பேச முடியாத ஆளுக்கு ஐம்பது பேர் உயிரை நம்பிக் கொடுக்கிற வேலை வேறு எங்கே கிடைக்கும்?

வீட்டில் சொன்னேன். என் மனைவி தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யார் அவ?"

"யாரு?"

"டெய்லி ஏழெட்டு தபா போன்ல பேசறியாமே. எங்கிட்ட ஒரு வாரத்துக்கு ஏழெட்டு வார்த்த பேசமாட்டே. அவகிட்ட இன்னாத்தயா பேசறே?"

"ஐயோ, எவளும் இல்ல."

"கேமரா பொய் சொல்லுமா?"

அதுதான் என் கஷ்டமே. கண் சொருகியபோது அது உண்மையைத்தான் சொன்னது. இப்போது மட்டும் ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஒருவேளை தூக்கக் கலக்கத்தில் நான்தான் எதையோ செய்கிறேனா என்று என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பஸ்ஸில் விஷயம் தெரிந்துவிட்டது. சாலவாக்கத்துப் பெண்ணுக்குத்தான் கோபம் வந்தது.

"இந்த அண்ணன் எங்ககிட்டயே பேசாது, போன்ல பேசுமா? அண்ணே, நீ அந்தப் படத்தக் காட்டச் சொல்லு."

"எந்தப் படம்?" என்றேன். அந்த வாரத்தில் நான் பஸ்ஸில் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"கேமரா எதப் பாத்து போன்னு சொல்லிச்சோ அந்தப் படம். எங்க லைன்லயும் இதே மாதிரி ஒண்ணு கீதுண்ணே. போர்டு நல்லாகீதா கெட்டுப்போச்சான்னு அதுதான் பாக்கும். புது மாடல் வந்தா மொத ரெண்டு நாளு நல்லதெல்லாம் கெட்டதுன்னு தள்ளிக்கினே இருக்கும். நாங்க படத்தத் தொறந்து பாப்போம். ஒரு ஈயச் சொட்டு பளபளன்னு இருந்திருக்கும், அத ஓட்டைன்னு நெனச்சிருக்கும். இது நல்லது, இது கெட்டதுன்னு நாங்க அதுக்குச் சொல்லிக் குடுப்போம். அப்புறம் கத்துக்கும். அதுக்கு பொய் சொல்லத் தெரியாதுண்ணே. தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லும், அவ்ளோதான்."

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண். அவளுடைய அப்பா இன்னும் ஏரித் தண்ணீரை நம்பி நெல் வைக்கிறார். அவள் மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். இத்தனை நாள் நான் வேலைக்கு ஏற்றிப் போனவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். கேமராவும் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பாய் என்னோடு வந்தார். படியேறும்போது என் தோளைத் தட்டி, "இன்னிக்காவது வாயத் தொற. கம்முனு நின்னேன்னா ஒத்துக்கினேன்னு அர்த்தம்" என்றார்.

அங்கே ஏசி அறை. பஸ்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி இருந்தார். நல்ல மாதிரியான மனிதர், உட்காரச் சொன்னார். சுவரில் பெரிய டிவி. அதில் கேமரா செய்த கம்பெனியிலிருந்து ஒரு பெண் சென்னையிலிருந்தபடி பேசினார். அதிகாரி பேச ஆரம்பிக்கும் முன்பே, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"படத்தக் காட்டுங்க சார்."

பாய் திரும்பிப் பார்த்தார்.

டிவியில் நான் வந்தேன். வலது கை காதோரம் இருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. பார்த்தால் எனக்கே போன் பேசுகிற மாதிரிதான் இருந்தது. அடுத்த படம், அதற்கடுத்த படம், எல்லாம் அப்படியே.

"நீங்களே சொல்லுங்க. கை காதுல இருக்கு, வாய் பேசுது. நான் என்னன்னு நினைக்கிறது?" என்றார் அதிகாரி.

நான் என் மூஞ்சியைப் பார்க்கவில்லை. என் பக்கத்து ஜன்னலைப் பார்த்தேன். ஒரு படத்தில் மஞ்சள் துணி கட்டிய வேப்பமரம். இன்னொன்றில் ஐயனாருடைய குதிரையின் கால் மட்டும். மற்றொன்றில் ஏரிக்கரை.

புரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. பாய் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் எழுந்து நின்றேன். இடது கையில் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஒரு கன்னம், மறு கன்னம்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "நானும் காலைல பைக்கை எடுத்தா தெருமுனைப் பிள்ளையாருக்கு இதைத்தான் பண்றேன்" என்றார். பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி, சாமி கும்ட்டியா! இத ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு இவ்ளோ பேஜார் இல்லையேப்பா."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "போன் இல்லைன்னு ஒத்துக்கறேன். ஆனா வண்டி ஓடும்போது கை ஸ்டியரிங்கை விட்டு வரலாமா? நாளையிலேர்ந்து மனசுலயே கும்பிட்டுக்கங்க. நிறுத்திட்டா கேமராவும் சும்மா இருக்கும்."

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். எப்போதும் அதைத்தான் செய்வேன். வேலையும் போகாது. ஆனால் அப்படித் தலையாட்டினால், இத்தனை வருஷம் ஐம்பது பேரை வைத்துக்கொண்டு கவனமில்லாமல் ஓட்டினேன் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். அது நிஜமில்லை. கதவு வரைக்கும் போனவன் திரும்பி வந்தேன்.

"சார், கோயிலாண்ட வேகத்தடை கீது சார்."

"என்ன?"

"எல்லாக் கோயிலாண்டயும் போட்டு வச்சிக்கீறாங்க. ஊர்க்காரங்க போட்டது. கொழந்தைங்க, ஆடு மாடு குறுக்க வரும்னு. அங்க வந்தா பிரேக்கப் போட்டு, கீரு மாத்தி, வண்டி நின்னு நின்னுதான் ஏறும். அப்பதான் போட்டுக்கறேன். ஓட்டத்துல கைய எடுத்ததில்ல. பின்னாடி தூங்கிக்கினு கீறாங்க சார், நான் எப்டி எடுப்பேன்?"

என் வாழ்க்கையில் ஒரு அறையில் நின்று நான் இவ்வளவு பேசியதில்லை.

டிவியில் இருந்த பெண் சொன்னார்: "ஒரு நிமிஷம் இருங்க அண்ணா. எங்க கேமரா வண்டியோட வேகத்தையும் எழுதி வச்சுக்கும்." ஏதோ தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு படமாக வேகம் வந்தது. அவர் வாசிக்க வாசிக்க அதிகாரி டிவி பக்கம் நகர்ந்தார். எல்லாவற்றிலும் வண்டி ஆள் நடக்கிற வேகத்தில்தான் இருந்தது. ஒன்றில்கூட அதற்கு மேல் இல்லை.

என்னை மாட்டிவிட்ட பெட்டியே எனக்குச் சாட்சி சொன்னது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏசி காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

"இது எங்க தப்பு அண்ணா. போன் எடுக்கறதுன்னா எப்படி இருக்கும்னு ஆயிரக்கணக்குல படம் காட்டிச் சொல்லிக் கொடுத்தோம். கன்னத்துல போட்டுக்கறதை நாங்க காட்டவே இல்லை. நீங்க செஞ்சு காட்டினா படம் எடுத்துக்கலாமா? அதை வச்சு அதுக்குச் சொல்லிக் கொடுத்துடறோம்" என்றார் அந்தப் பெண்.

சாலவாக்கத்துப் பெண் சொன்னதை அப்படியே வேறு வாயிலிருந்து கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சென்னைப் பெண்ணே நேரில் வந்தார். தொழிற்சாலை நிறுத்துமிடத்தில் என் வண்டி. நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தேன். மூக்குக்கண்ணாடியோடு ஒரு முறை, தலையில் துண்டோடு ஒரு முறை, வெயில் முகத்தில் அடிக்கும்போது, நிழலில், வேகமாக, மெதுவாக. பிறகு நிஜமாகவே போனைக் காதில் வைத்துப் பேசச் சொன்னார். ஸ்டியரிங் முன்னால் அதைச் செய்யும்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. யாருக்குப் பேசுவது என்று தெரியாமல் வீட்டுக்கே போன் போட்டேன்.

"இன்னாயா, இந்நேரத்துல?"

"சும்மாதான். கேமராவுக்காகப் பேசறேன்."

"பேசு பேசு. இப்பவாவது எங்கிட்ட பேசு" என்றாள்.

மற்ற டிரைவர்களும் வந்திருந்தார்கள். மாதா கோயிலைக் கடக்கும்போது நெற்றியிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொள்கிற டிரைவர் ஒருவர் செய்து காட்டினார். பாய் சும்மா இருப்பாரா? "தர்காவாண்ட நான் நெஞ்சுல கை வெப்பேன், அதையும் எட்துக்கமா" என்று சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆனால் முதலில் உட்கார்ந்தவன் நான். அதிக நேரம் உட்கார்ந்தவனும் நான்தான்.

அந்தப் பெண் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். வண்டி வேகமாகப் போகும்போது கை ஸ்டியரிங்கை விட்டால், அது சாமிக்கே ஆனாலும் கேமரா கத்தும். அது நியாயம்தான். வேகத்தடை இல்லாத இடத்தில் ஒரு கோயில் இருக்கிறது, பெரிய ரோட்டின் ஓரத்தில். அங்கே முன்னேயும் நான் போட்டுக்கொண்டதில்லை. அந்தச் சாமிக்கு மனசுக்குள்தான்.

புது மென்பொருள் ஏறிய அன்று காலை பஸ்ஸில் யாரும் தூங்கவில்லை. ஏரிக்கரை அம்மன் கோயிலை நெருங்கும்போது எல்லாரும் சீட்டிலிருந்து எட்டிக் கேமராவைப் பார்த்தார்கள். பிரேக் போட்டேன். முன் சக்கரம் வேகத்தடையில் ஏறியது. கை எழும்பவில்லை. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று வெட்கம்.

"அண்ணே, போடுண்ணே!" என்றது சாலவாக்கத்துப் பெண்.

போட்டுக்கொண்டேன். ஒரு கன்னம், மறு கன்னம். "தாயே, ஏறினவங்கள எறக்கி வுட்டுடு."

கேமரா பேசவில்லை. பின் சக்கரம் வேகத்தடையிலிருந்து இறங்கியது. அப்போதும் பேசவில்லை. பஸ்ஸுக்குள் விசில் பறந்தது. "அதுக்கும் பக்தி வந்துச்சுடி" என்று யாரோ கத்தினார்கள். விசில் சத்தத்தில் நான் ஒரு நொடி தலையைத் திருப்பினேன் போலிருக்கிறது. "கவனம் சிதறுகிறது. சாலையைப் பாருங்கள்" என்றது. இன்னும் பெரிய சிரிப்பு. இந்த முறை நானும் சிரித்தேன்.

என் மனைவி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "எங்க வூட்டுக்காரரு கம்ப்யூட்டருக்குப் பாடம் எடுத்துட்டு வந்தாரு" என்கிறாள். அவள் சந்தேகப்பட்ட கதையை மட்டும் சொல்வதில்லை. அதனால் நான் இங்கே எழுதிவிட்டேன்.

போன மாதம் அந்தச் சென்னைப் பெண் பாய்க்குப் போன் செய்து சொன்னாராம்: அதே கேமரா வைத்த எல்லா பஸ்ஸுக்கும் இது போய்விட்டது, நம் மாநிலத்தில் எங்கெங்கேயோ ஓடுகிற வண்டிகளுக்கு. இனிமேல் எனக்கு முகம் தெரியாத ஒரு டிரைவர், பேர் தெரியாத ஒரு ஊரில், வேகத்தடையில் வண்டியை ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பெட்டி சும்மா இருக்கும். அவரைக் கூப்பிட்டு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். என்னைப்போல வாய் வராத ஆளாக இருந்தாலும் அவர் தப்பித்தார். என் கையைப் பார்த்து அந்த மெஷின் கற்றுக்கொண்டது என்பது அவருக்குத் தெரியப்போவதில்லை. எனக்குத் தெரியும். அது போதும்.

இதைத் தொழிற்சாலை நிறுத்துமிடத்தில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதினேன். என்ஜின் அணைந்திருப்பதால் கேமராவும் தூங்குகிறது. ஷிப்ட் விடும் நேரம் ஆகிவிட்டது, பெண்கள் கேட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். இன்றைக்கு ஏரிக்கரை அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். கோயிலருகே கூட்டம் இருக்கும், வண்டியை இன்னும் மெதுவாக ஓட்ட வேண்டும்.

ஆடி மாதம், மூன்றாவது வெள்ளிக்கிழமை.